1882: தாராளவாதத்தின் இரு முகங்களும் நம் முன்னோரும்

நம்மிடம் ஓதி ஆலிம் ஸனது பெற்ற மாணவர் ஒருவர் சென்ற விடுமுறையில் ஆத்தூரிலுள்ள நம் இல்லத்துக்கு வந்திருந்தார். அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படிக்க அவர் விண்ணப்பித்திருக்கிறார். செய்தி தெரிந்ததும் உறவினர் சிலர், "பையன் லிபரல் ஆகிவிட்டான்" என்று பேசத் தொடங்கினராம். மனம் நொந்திருந்த அவர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், லிபரல் என்றால் என்ன? அது ஏச்சா, புகழ்ச்சியா?"

நம் இளமையில் நாமும் இத்தகைய பேச்சைக் கேட்டவர்களே. எம்.ஏ. தேர்வு எழுத மதுரைக்குப் பேருந்து ஏறிய நாளிலிருந்து, நம்மீது அன்பு கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பல மாதங்கள் நம் ஸலாமுக்குப் பதில் சொன்னாரேயன்றி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. அன்று நாம் வருந்தியதோடு சரி. அவர் எதற்கு அஞ்சினார் என்று ஆராயவில்லை. மாணவரின் கேள்வி அந்தப் பழைய கணக்கை மீண்டும் திறந்துவிட்டது. தாராளவாதம் எனும் கொள்கை எங்கே பிறந்தது, எந்த வழியாகத் தமிழ் பேசும் முஸ்லிம்களை வந்தடைந்தது, அதை எதிர்த்தவர்கள் எதனால் எதிர்த்தார்கள் என்பதை வரலாற்று ஒழுங்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் பயணம்

அரபு மொழியில் 'ஹுர்ரு' என்றால் அடிமையல்லாதவன். ஃபிக்ஹு நூல்களில் சாட்சியம், திருமணம், சொத்துரிமை ஆகிய பாடங்களில் இச்சொல் இப்பொருளிலேயே வரும். இலக்கியத்தில் பெருந்தன்மையுடையவன் என்ற பொருளும் உண்டு. ஆனால், ஆள்வோருக்கு எதிராகக் குடிமகன் எடுத்துக்காட்டக்கூடிய ஓர் உரிமை என்ற பொருளில் 'ஹுர்ரிய்யா' நம் பழைய நூல்களில் ஆளப்படவில்லை. அக்கருத்தை முன்னோர் 'அத்ல்' எனும் சொல்லைக் கொண்டு பேசினர். ஆள்பவன் நீதி செய்கின்றானா, அநீதி செய்கின்றானா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

ஐரோப்பாவில் 'லிபரல்' என்பது ஓர் அரசியல் அணியின் பெயராக முதலில் வழங்கியது ஸ்பெயின் நாட்டில். நெப்போலியனின் படைகள் அந்நாட்டை ஆக்கிரமித்திருந்த வேளையில், அரபு ஆசிரியர்கள் 'காதிஸ்' என்று எழுதிய தென்கரைத் துறைமுகத்தில் பிரதிநிதிகள் கூடி, 1812இல் ஓர் அரசியல் சட்டம் இயற்றினர். மன்னரின் அதிகாரத்துக்கு எல்லை வகுக்க வேண்டும் என்று வாதிட்டவர்களுக்கு 'லிபரலேஸ்' என்ற பெயர் ஏற்பட்டது. நாம் அந்தலூஸ் என்று ஏக்கத்தோடு நினைவுகூரும் மண்ணே இக்கொள்கையின் பெயருக்குத் தொட்டிலாக இருந்தது என்பதை நம்மில் பலர் அறியார். அச்சட்டம் அச்சுரிமையைத் தந்தது, தேர்தலைத் தந்தது. ஆயினும் கத்தோலிக்கமே நாட்டின் ஒரே மதம் என்றும், பிற மதங்களின் வழிபாட்டுக்கு இடமில்லை என்றும் அதே சட்டம் விதித்தது. 1814இல் திரும்பி வந்த மன்னர் ஏழாம் பெர்னாந்து அதை ரத்துச் செய்தார்.

தாராளவாதத்தை எதிர்த்தவர்கள் முஸ்லிம்கள் மட்டுமே என்ற எண்ணம் பிழையானது. 1864இல் போப்பாண்டவர் ஒன்பதாம் பயஸ், தம் காலத்துப் பிழைகள் என எண்பது கருத்துகளைப் பட்டியலிட்டு வெளியிட்டார். தாராளவாதத்தோடும் நவீன நாகரிகத்தோடும் போப்பாண்டவர் இணங்கிப்போக வேண்டும் என்பது அப்பட்டியலில் கண்டிக்கப்பட்ட கடைசிக் கருத்து. அரசர்களும் பிரபுக்களும் தம் அதிகாரத்துக்காக எதிர்த்தனர். பொதுவுடைமையாளரோ, முதலாளிகளின் சுதந்திரத்துக்கே இப்பெயர் திரையாகிறது என்று எதிர்த்தனர். 1991க்குப் பின் நம் நாட்டுப் பொருளாதாரத்தில் வழங்கிவரும் 'தாராளமயம்' எனும் சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஒரு சொல்லுக்குள் இத்தனை பொருள்கள் குடியிருக்கும்போது, எதை ஏற்கிறோம், எதை மறுக்கிறோம் என்று பிரித்துச் சொல்லாமல் பேசுவது வீண் பூசலையே வளர்க்கும்.

முஸ்லிம் உலகில் இதைப் பிரித்துப் பார்க்க முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் அஸ்ஹர் ஆலிமான ரிஃபாஆ அத்தஹ்தாவீ. எகிப்தின் ஆட்சியாளர் முஹம்மத் அலீ 1826இல் பாரிஸுக்கு அனுப்பிய மாணவர் குழுவுக்கு இமாமாகச் சென்றவர் அவர். ஐந்தாண்டுகள் அங்கே தங்கிப் பிரெஞ்சு கற்றார். 1830ஆம் ஆண்டுப் புரட்சியை நேரில் கண்டார். 1834இல் வெளிவந்த தம் பயண நூலில் பிரெஞ்சு அரசியல் சட்டத்தை அரபியில் பெயர்த்தெழுதி, பிரெஞ்சுக்காரர் சுதந்திரம் எனக் குறிப்பிடுவதும் நாம் நீதி, நேர்மை எனக் குறிப்பிடுவதும் ஒன்றே என்று விளக்கினார். அந்நாட்டுச் சட்டம் அல்லாஹ்வின் வேதத்திலிருந்து எடுக்கப்பட்டதன்று என்பதையும் அவர் மறைக்கவில்லை. 1867இல் தூனிஸியாவின் கைருத்தீன் பாஷா, ஐரோப்பியரின் நல்ல ஏற்பாடுகளை, அவர்களிடமிருந்து வந்தவை என்பதற்காகவே ஒதுக்குவது தகாது என்று தம் நூலில் வாதிட்டார். இவ்விருவரும் மார்க்கப் பற்றில் ஐயத்துக்கிடமானவர்கள் அல்லர்.

ஆள்பவரின் மொழியாக வந்த கொள்கை

தஹ்தாவீ தாமாகச் சென்று கற்று, தாமே எடைபோட்டார். நம் நாட்டிலோ அக்கொள்கை ஆளவந்தவரின் மொழியாக வந்து சேர்ந்தது.

நம் திண்டுக்கல் சமவெளியையே எடுத்துக்கொள்வோம். 1755இல் ஹைதர் அலீ மைசூர் அரசின் ஃபவ்ஜ்தாராக வந்தமர்ந்த ஊர் திண்டுக்கல். பேகம்பூர் பள்ளிவாசலும், அவ்வூருக்குப் பெயர் தந்த அமீருன்னிஸா பேகத்தின் அடக்கவிடமும் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இப்பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. மன்னராட்சிக்கு முடிவு கட்டிப் பிரான்ஸ் குடியரசானதும் அதே 1792இல்தான். அங்கே குடிமக்களின் உரிமை முழங்கிய நாளில், இங்கே குடிகளைக் கேளாமலே ஒரு வணிகக் கம்பெனி நிலவரி வசூலிக்க வந்து சேர்ந்தது.

இம்முரண்பாடு தற்செயலானதன்று, கொள்கையின் உள்ளேயே இருந்தது. தாராளவாதத்தின் தலையாய நூல்களுள் ஒன்றான 'சுதந்திரம் பற்றி' 1859இல் வெளிவந்தது. அதை எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில், 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் பணியாற்றியவர். தாம் கூறும் சுதந்திரம் முதிர்ச்சியடைந்த சமூகங்களுக்கே உரியது என்றும், பின்தங்கிய சமூகங்களுக்கு அவற்றை முன்னேற்றும் நோக்குடைய எதேச்சாதிகாரம் ஏற்கத்தக்கது என்றும் அந்நூலின் தொடக்கத்திலேயே அவர் விதிவிலக்கு வகுத்துவிட்டார். அவ்விதிவிலக்குக்குள் அடங்கியவர்கள் நாம்.

ஆகவே, இக்கொள்கையைக் கண்டு நம் முன்னோர் முகம் சுளித்தபோது, அவர்கள் அறியாமையால் மட்டுமே அவ்வாறு செய்தனர் என்று கூறுதல் நீதியாகாது. அதன் ஒரு முகத்தை அவர்கள் சரியாகவே அடையாளம் கண்டிருந்தனர். அம்முகம் முழுமையாக வெளிப்பட்ட ஆண்டு 1882.

எகிப்தில் நடந்தது

எகிப்தின் கதீவ் இஸ்மாயீல் ஐரோப்பிய வங்கிகளிடம் பெற்ற கடன் நாட்டைத் திவாலாக்கியது. 1876 முதல் எகிப்தின் வரவு செலவுகளை இங்கிலாந்தும் பிரான்ஸும் கண்காணித்தன. 1879இல் இஸ்மாயீல் நீக்கப்பட்டு அவர் மகன் தவ்ஃபீக் அமர்த்தப்பட்டார். அப்போது எழுந்தவர் கர்னல் அஹ்மத் உராபி. கிராமத்து ஷைகின் மகன்; சில காலம் அஸ்ஹரில் ஓதியவர். 1881 செப்டம்பர் 9ஆம் நாள் அவர் தம் படையோடு அப்தீன் அரண்மனை முன் நின்று, அமைச்சரவையை மாற்றவும், மக்கள் பிரதிநிதிகள் சபையைக் கூட்டவும் கோரினார். நீங்கள் எம் அடிமைகள் என்ற பொருள்பட கதீவ் பேசியதற்கு, அல்லாஹ் தம்மைச் சுதந்திரர்களாகவே படைத்தான். இனி எவருக்கும் வாரிசுச் சொத்தாக மாட்டோம் என்று தாம் மறுமொழி தந்ததாக உராபி தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார்.

இம்மறுமொழியில் ஒரு பழைய எதிரொலி உண்டு. எகிப்து ஆளுநரின் மகன் அந்நாட்டுக் குடிமகன் ஒருவரை அடித்த வழக்கில், தாய்மார் சுதந்திரர்களாகப் பெற்றெடுத்தவர்களை நீங்கள் எப்போது அடிமையாக்கினீர்கள் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கடிந்துகொண்டதாக இப்னு அப்தில் ஹகமின் எகிப்து வெற்றி வரலாறு கூறுகிறது. அறிவிப்பாளர் தொடரில் முஹத்திஸ்கள் குறை கண்டிருப்பினும், முஸ்லிம்களின் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்ட வரலாறு அது. உராபியின் சுதந்திர முழக்கம் பாரிஸிலிருந்து மட்டும் கற்றுக்கொண்டதன்று என்பதற்காகவே இதை இங்குக் குறிப்பிட்டோம்.

1882 பிப்ரவரியில் எகிப்துக்கு ஓர் அடிப்படைச் சட்டம் கிடைத்தது. மக்கள் சபை வரவு செலவுத் திட்டத்தில் கை வைக்க முனைந்தது. கடன் கொடுத்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. ஜூலை 11ஆம் நாள் ஆங்கிலக் கடற்படை இஸ்கந்தரிய்யா நகரைக் குண்டு வீசித் தகர்த்தது. செப்டம்பர் 13ஆம் நாள் தல்லுல் கபீர் எனுமிடத்தில் உராபியின் படை தோற்றது. வென்ற படையில் இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட சிப்பாய்களும் இருந்தனர்.

இப்படையெடுப்பை நடத்தியது இங்கிலாந்தின் லிபரல் கட்சி அரசு. பிரதமர் கிளாட்ஸ்டன், முந்தைய அரசின் ஏகாதிபத்தியப் போக்கைக் கண்டித்துப் பேசித் தேர்தலில் வென்றவர். மன்னரின் அதிகாரத்துக்கு எல்லை வகுப்பதே லிபரல் கொள்கையின் உயிர் எனில், அந்த எல்லையைக் கேட்ட எகிப்தியர்மீது குண்டு பொழிந்ததும் அதே கொள்கையின் பெயர் தாங்கிய கட்சிதான்.

ஆயினும் மறுபுறமும் உண்டு. அந்த அமைச்சரவையில் இருந்த ஜான் பிரைட், இஸ்கந்தரிய்யா மீதான தாக்குதலைக் கண்டித்துப் பதவி விலகினார். வில்ஃப்ரிட் பிளண்ட் என்ற ஆங்கிலேயர் உராபிக்காக வழக்கறிஞரை அமர்த்தித் தம் பணத்தைச் செலவிட்டார். தூக்கு மேடையை நோக்கியிருந்த வழக்கு நாடு கடத்தலோடு முடிந்தது. அதே 1882இல் இந்தியாவில், லிபரல் அரசு அனுப்பிய வைஸ்ராய் ரிப்பன் பிரபு, இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கினார். மறு ஆண்டு, இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரையும் விசாரிக்கலாம் என்ற இல்பர்ட் மசோதா வந்தபோது அதை மூர்க்கமாக எதிர்த்தவர்கள் இந்நாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயர்களே. மசோதாவின் கூர் மழுங்கடிக்கப்பட்ட பிறகே அது 1884இல் சட்டமாயிற்று. சென்னையில் 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஒரே ஆண்டில், ஒரே கட்சியின் ஆட்சியில், கொள்கையின் இரு முகங்களும் இவ்வாறு வெளிப்பட்டன.

கண்டியிலிருந்து ஒரு பத்திரிகை

உராபியும் அவருடைய தோழர்கள் அறுவரும் நாடு கடத்தப்பட்டு 1883 ஜனவரியில் வந்திறங்கிய இடம் கொழும்புத் துறைமுகம். அவர்களுள் மஹ்மூத் ஸாமீ அல்பாரூதி, புதிய அரபுக் கவிதையின் முன்னோடியாக நம் பாடத்திட்டங்களில் இடம்பெறுபவர். ஸரந்தீபில் கழித்த ஆண்டுகளின் ஏக்கம் அவர் கவிதைகளில் நிறைந்திருக்கிறது. இலங்கை முஸ்லிம்கள் இவர்களைக் குற்றவாளிகளாகக் கருதவில்லை, விருந்தினராக வரவேற்றனர்.

இவர்கள் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1882 டிசம்பர் 21ஆம் நாள், கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' எனும் தமிழ் இதழ் வெளிவரத் தொடங்கியிருந்தது. அதன் ஆசிரியர் மு. கா. சித்தி லெப்பை அவர்கள் 1838இல் கண்டியில் பிறந்தவர், அரபும் ஆங்கிலமும் தமிழும் கற்றவர், வழக்கறிஞர். தொழிலில் செல்வமும் செல்வாக்கும் தேடியிருக்கலாம். சமூகத்தின் கல்விக்காக அவற்றைச் செலவிடவே அவர் துணிந்தார்.

ஆங்கில ஆட்சியின் கீழ் இலங்கையில் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் கிறித்தவ மிஷன்களின் கையில் இருந்தன. அரசு மானியமும் அவற்றுக்கே மிகுதியாகச் சென்றது. அங்கே பிள்ளையை அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்று முஸ்லிம்கள் ஒதுங்கினர். அதன் விளைவாக அரசுப் பணியிலும் சட்டத்துறையிலும் வணிக நிலையங்களின் உயர்பதவிகளிலும் அவர்களுக்கு இடமில்லாது போயிற்று. சித்தி லெப்பை இரு தரப்புக்கும் இடையே நின்றார். மிஷன் பள்ளியைப் பற்றிய அச்சம் நியாயமானது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்கு மருந்து கல்லாமை அன்று, சொந்தப் பள்ளி என்றார்.

உராபி பாஷாவின் நட்பு அவருக்குப் பெருந்துணையாயிற்று. ஆங்கிலேயப் பீரங்கியால் தோற்கடிக்கப்பட்ட ஒருவர், ஆங்கிலம் கற்கும் முஸ்லிம் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கூறியபோது, அவரை ஆள்வோரின் அடிவருடி என எவரும் கூற முடியவில்லை. 1884இல் கொழும்பில் தொடங்கிய முதல் முயற்சி போதிய ஆதரவின்றி நீடிக்கவில்லை. தளராது முயன்றதன் பயனாக, 1892இல் மருதானையில் கொடைவள்ளல் வாப்பிச்சி மரைக்காயரின் துணையோடு ஒரு பள்ளி நிலைபெற்றது. அதுவே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என்று எழுதியதோடு நில்லாமல், கண்டியில் அதைத் தொடங்கியும் காட்டினார்.

1885இல் அவர் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' தமிழின் தொடக்க கால நாவல்களுள் ஒன்று. எகிப்தில் பிறந்து இந்தியாவில் வளரும் ஒரு முஸ்லிம் இளைஞனின் கதை அது. 1897இல் அவர் எழுதிய 'அஸ்ராருல் ஆலம்' மெய்ஞ்ஞானம் பற்றியது. புதுக் கல்வியைப் பரப்பிய ஒருவர் தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் எழுதியது தஸவ்வுஃப் நூல் என்பதை நாம் கவனிக்க வேண்டும். மார்க்கத்தை விட்டு வெளியேறும் வாயிலாக அவர் கல்வியைக் கருதவில்லை.

எதிர்த்தவர்கள் யார்?

சித்தி லெப்பையின் முயற்சிகளுக்கு ஏற்பட்ட எதிர்ப்பையும், அதே காலத்தில் அலிகரில் ஸர் ஸையித் அஹ்மத் கான் சந்தித்த எதிர்ப்பையும் ஒரே தட்டில் வைப்பது வழக்கமாகிவிட்டது. எதிர்த்தவர்களுள் மூன்று வகையினர் இருந்தனர் என்று நாம் கருதுகிறோம்.

முதல் வகையினர் ஈமானைப் பற்றி அஞ்சியவர்கள். ஸர் ஸையித் 1875இல் அலிகரில் பள்ளி நிறுவியதை மட்டும் அவர்கள் எதிர்க்கவில்லை. மலக்குகள், முஃஜிஸாக்கள் முதலியவற்றுக்கு இயற்கை விதிகளுக்கு இணங்க அவர் அளித்த விளக்கங்களே பெரும் எதிர்ப்பைத் தூண்டின. இந்த எதிர்ப்பில் இல்மு சார்ந்த நியாயம் உண்டு. பள்ளி வேறு, தஃப்ஸீர் வேறு என்று பிரித்துப் பார்த்திருந்தால் பூசல் பாதியாகக் குறைந்திருக்கும்.

இரண்டாம் வகையினர் அந்நிய ஆட்சியின் வஞ்சகத்தைக் கண்டு வெறுத்தவர்கள். அந்த ஆட்சியின் வழியாக வந்த எதையும் அவர்களால் நம்ப முடியவில்லை. 1857இன் கொடுமைகளைக் கண்ட தலைமுறை அது. அவர்களைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை.

மூன்றாம் வகையினர் தம் இடம் பறிபோகும் என்று அஞ்சியவர்கள். படித்த மகன் தந்தையின் சொல்லுக்கு ஆதாரம் கேட்பான், படித்த ஜமாஅத் நிர்வாகத்தின் கணக்கைக் கேட்கும் என்ற அச்சம் இது. இவ்வச்சத்துக்கு மார்க்கச் சாயம் பூசப்பட்டதே நம் வரலாற்றின் வேதனை.

பிரித்தறியும் ஆற்றல் நம் மரபில் இல்லாததன்று. தில்லி 1803இல் ஆங்கிலேயர் வசமானபின், நாடு தாருல் ஹர்ப் ஆகிவிட்டது என்று ஃபத்வா அளித்தவர் ஷாஹ் அப்துல் அஸீஸ் முஹத்திஸ் தெஹ்லவீ (ரஹ்) அவர்கள். ஆங்கிலம் கற்பது கூடும் என்று கூறியவரும் அவரே. ஆட்சியைப் பற்றிய தீர்ப்பும் மொழியைப் பற்றிய தீர்ப்பும் அவரிடம் இரு வேறு மஸ்அலாக்களாக இருந்தன. அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின் வந்தவர்கள் அவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டனர்.

அதேபோல், மரபுவழிக் கல்வியைக் காத்து நின்றவர்களைத் தேக்கமுற்றவர் என்று ஒதுக்குவதும் தவறு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இமாமுல் அரூஸ் (ரஹ்) அவர்கள் அரபியிலும் அரபுத் தமிழிலும் எழுதிக் குவித்து, தமிழகக் கரையிலும் இலங்கையிலும் ஊர் ஊராகச் சென்று தீனை உயிர்ப்பித்தவர்கள். சித்தி லெப்பையின் பள்ளிக்கு வந்த மாணவனுக்கு ஈமான் ஏற்கெனவே ஊட்டப்பட்டிருந்தது என்றால், அது இத்தகையோரின் உழைப்பால்தான். இவ்விருவரும் மறைந்தது ஒரே ஆண்டில், 1898இல். அலிகரின் ஸர் ஸையிதும் லண்டனின் கிளாட்ஸ்டனும் மறைந்ததும் அதே ஆண்டே.

1905இல் நிகழ்ந்த ஒன்று இங்கே கருதத்தக்கது. கொழும்பு உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் அப்துல் காதர் துருக்கித் தொப்பி அணிந்து வாதாடக்கூடாது என்று தலைமை நீதிபதி தடுத்தார். மருதானைப் பள்ளிவாசல் வளவில் ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் திரண்டு கண்டனம் தெரிவித்தனர், விண்ணப்பங்கள் பறந்தன, பின்னர் அனுமதி கிடைத்தது. உராபி பாஷாவின் காலத்திலிருந்து பரவிய அத்தொப்பியைக் காக்க அவர்கள் பயன்படுத்திய கருவிகள் யாவை? பொதுக்கூட்டம், பத்திரிகை, மனு, சமய உரிமை பற்றிய சட்ட வாதம். அவற்றைக் கையாள முஸ்லிம் வழக்கறிஞர் ஒருவர் வேண்டியிருந்தது. அவரை உருவாக்க ஆங்கிலக் கல்வி வேண்டியிருந்தது.

தமிழகத்தில் அதன் தொடர்ச்சி

இக்கரையில் இதே போராட்டம் அடுத்த தலைமுறையில் நடந்தது. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில் பகுதியைச் சேர்ந்த பா. தாவூத் ஷா பி.ஏ. பட்டம் பெற்று, அரசுப் பதவியைத் துறந்து, இதழியலில் இறங்கினார். 1923 முதல் 'தாருல் இஸ்லாம்' எனும் பெயரில் அவர் நடத்திய இதழ் நல்ல தமிழை முஸ்லிம் வீடுகளுக்குள் கொண்டு சென்றது. மக்கள் தமக்குப் புரியும் மொழியில் குர்ஆனின் பொருளை அறிய வேண்டும், ஜும்ஆவில் தமிழ் ஒலிக்க வேண்டும், பெண்கள் கற்க வேண்டும் என்பன அவர் வலியுறுத்தியவை. எதிர்ப்பு கடுமையாக இருந்தது, ஃபத்வாக்கள் வந்தன. இங்கிலாந்தின் வோக்கிங் பள்ளிவாசல் பணியோடு அவருக்கிருந்த தொடர்பு அவருடைய அகீதாவைப் பற்றிய ஐயங்களை வளர்த்தது. அவருடைய நடையிலிருந்த ஏளனமும் எதிர்ப்பைக் கூட்டியது என்பதை நடுநிலையோடு கூறியாக வேண்டும். ஆலிம்களை நையாண்டி செய்துகொண்டே அவர்களைத் திருத்த இயலாது.

எனினும் விளைவைப் பாருங்கள். திருக்குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்பை 1929இல் முதற்பகுதியாக வெளியிட்டுப் பின்னர் முழுமையாக்கியவர் ஆ. கா. அப்துல் ஹமீத் பாகவி அவர்கள்; வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தின் ஸனதைப் பெற்ற மரபுவழி ஆலிம். அரபுக் குத்பாவுக்கு முன் தமிழில் பயான் நிகழ்த்துவது இன்று தமிழகத்தின் பெரும்பாலான பள்ளிவாசல்களில் வழக்கம். 1951இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் எழுந்தன. ஒரு தலைமுறை எதிர்த்ததை அடுத்த தலைமுறை தன் கையாலேயே, தன் மரபின் வரம்புக்குள் நின்று செய்து முடித்தது.

மாறாக, வரம்பே வேண்டாம் என்ற தாராளவாதம் என்ன ஆயிற்று? எகிப்தில் 1922இல் தோன்றிய 'அஹ்ரார்' கட்சி தன் பெயரிலேயே சுதந்திரத்தைத் தாங்கியிருந்தது. 1925இல் அலீ அப்துர் ராஸிக், கிலாஃபத் மார்க்கத்தின் அங்கமன்று என்று நூல் எழுதி, அஸ்ஹரின் மூத்த உலமாக்கள் சபையால் ஆலிம் தகுதி பறிக்கப்பட்டபோது, கருத்துச் சுதந்திரம் என்று குரல் எழுப்பியது அக்கட்சியே. மூன்றே ஆண்டுகளில், 1928இல், அக்கட்சியின் முஹம்மத் மஹ்மூத் பிரதமராகி, பாராளுமன்றத்தையே மூன்றாண்டுகளுக்கு முடக்கினார். அந்நூலின் முடிவை நாம் ஏற்கவில்லை. ஆனால் அதற்கு ஆலிம்கள் எழுதிய மறுப்பு நூல்களே இன்றும் படிக்கப்படுகின்றன. பட்டம் பறித்த தீர்ப்பு எவரையும் தெளிவிக்கவில்லை. அப்துர் ராஸிக் 1940களில் மீண்டும் ஏற்கப்பட்டு அவ்காஃப் அமைச்சராகவும் ஆனார் என்பது வரலாறு.

நாம் பெற வேண்டிய பாடம்

மாணவரின் கேள்விக்கு இப்போது வருவோம். லிபரல் என்பது ஏச்சா, புகழ்ச்சியா?

அது ஒரு மூட்டை. அதை அவிழ்த்துப் பார்க்காமல் தலையில் ஏற்றுவதும், அவிழ்க்காமலே ஆற்றில் எறிவதும் ஒரே தவறின் இரு வடிவங்கள். ஆள்வோரின் அதிகாரத்துக்கு வரம்பு, கலந்தாலோசனை, நீதிமன்றத்தின் முன் அனைவரும் சமம், ஆண் பெண் இருபாலாரின் கல்வி ஆகியவை அதனுள் இருந்தால், அவை நமக்கு அந்நியமல்ல. ஷூராவும் அத்லும் இல்முத் தேட்டமும் நம் மரபின் வேர்கள். மனித ஆசைக்கு மேலே எந்தக் கட்டளையும் இல்லை என்பதும், வலிமை உள்ளவன் வகுத்ததே நாகரிகம் என்பதும் அதனுள் இருந்தால், அவற்றை மறுக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இஸ்கந்தரிய்யாவின் இடிபாடுகளே அதற்குச் சான்று.

சித்தி லெப்பையும் உராபி பாஷாவும் செய்தது இதுவே. குண்டு வீசியவனின் கையையும் அக்கையிலிருந்த புத்தகத்தையும் அவர்கள் வேறு வேறாகப் பார்த்தனர். இவ்வேறுபாட்டை உணராத தலைமுறைகள் இழந்தவை ஏராளம். இலங்கையில் பறிபோன பதவிகளும், நம் மாவட்டங்களில் எழுத்தறியாது கழிந்த தாய்மாரின் வாழ்வும் அவ்விழப்பில் அடங்கும்.

மாணவரிடம் நாம் கூறியது சுருக்கமானது. பி.ஏ. படியுங்கள், தஹஜ்ஜுதை விடாதீர்கள், உங்களை ஏசியவர்களின் அச்சத்தை எள்ளி நகையாடாதீர்கள், அவர்களுள் முதல் வகையினர் யார், மூன்றாம் வகையினர் யார் என்று இனங்கண்டு கொள்ளுங்கள். முதல் வகையினருக்கு உங்கள் நடத்தையே பதில்.

பல மாதங்கள் நம்மோடு பேசாதிருந்த அப்பெரியவர், சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு மாலை நம் வீட்டு வாசலில் நின்றார். கையில் பேத்தியின் கல்லூரி விண்ணப்பம். ஆங்கிலத்தில் நிரப்பித் தரவேண்டும் என்றார். நிரப்பிக் கொடுத்தோம். பழையதை இருவரும் பேசவில்லை. அவர் முதல் வகையைச் சேர்ந்தவர் என்பது நமக்கு அன்றுதான் புரிந்தது. நம் ஈமானுக்காக அஞ்சியவர், அது பத்திரமாக இருப்பதைக் கண்டபின்னர் பேத்தியின் கல்விக்காக வந்து நின்றார். அல்லாஹ் அவருக்கு மக்ஃபிரத் செய்வானாக. நன்மையை நன்மையாகவும் தீமையைத் தீமையாகவும் பிரித்தறியும் தெளிவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக. ஆமீன்.